இரண்டாவது டிஸ்க்கில் நிற்கும் நிறுவல்: பிளாப்பியும் பூட் வைரஸும்

பழைய கணினியில் பிளாப்பி வைத்து மென்பொருள் நிறுவுகிறவர்களிடமிருந்து எனக்கு வரும் புலம்பல் பெரும்பாலும் ஒன்றேதான். முதல் டிஸ்க் ஒழுங்காகப் போனது, இரண்டாவது டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்கிறது, டிஸ்க் பழசாகிக் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்பார்கள். கெட்டிருக்கலாம். ஆனால் அது அலமாரியில் கிடந்து தானாகக் கெட்டதா, அல்லது ஒரு நிமிடத்துக்கு முன்பு உங்கள் கணினியே அதைக் கெடுத்ததா என்று பார்க்காமல் மூன்றாவது டிஸ்க்கை உள்ளே தள்ளாதீர்கள். கணினியில் பூட் வைரஸ், அதாவது டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் ஒளிந்து கணினி தொடங்கும்போதே ஓடிவிடும் வைரஸ், இருந்தால் நீங்கள் உள்ளே தள்ளும் ஒவ்வொரு டிஸ்க்கும் வரிசையாகப் பலியாகும். இந்தக் காலத்தில் அந்தத் தொகுப்பை மறுபடி எங்கே போய்த் தேடுவது?

ஆகவே நிறுவல் இப்படி நின்றால் முதல் வேலை, டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு மின்சாரத்தை அணைப்பது. மறுபடி முயன்று பார்ப்பதும், வேறு டிஸ்க் போட்டுப் பார்ப்பதும் பிறகு.

ஏன் இரண்டாவது டிஸ்க்?

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது அதன் பிளாப்பிப் பதிப்பு 13 டிஸ்க்குகளாக வந்தது. முதல் டிஸ்க் வழக்கமான 1.44 எம்பி அமைப்பு. இரண்டாவதிலிருந்து டிஎம்எஃப் என்ற வேறு அமைப்பு. வழக்கமான டிஸ்க்கில் ஒரு டிராக்குக்கு, அதாவது ஒரு வட்டத் தடத்துக்கு, 18 செக்டார்; ஒரு செக்டார் என்பது 512 பைட் கொண்ட துண்டு. டிஎம்எஃப் டிஸ்க்கில் 21. அதே தாளில் வரிகளை நெருக்கி எழுதுவது போல, அதே பிளாப்பியில் 1.68 எம்பி அடங்கிவிடும். அதன் ரூட் டைரக்டரி, அதாவது கோப்புப் பெயர்களின் பட்டியல், ஒரே ஒரு செக்டார். 16 பெயர்களுக்கு மேல் அதில் இடமில்லை. மிச்ச இடம் முழுவதையும், நிறுவ வேண்டியவற்றைச் சுருக்கிக் கட்டிய பெரிய கேப் கோப்புகள் அடைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது வைரஸ் பக்கம் வருவோம். 1987 வாக்கில் நியூசிலாந்தில் தோன்றிய ஸ்டோன்ட், 1991இல் கண்டுபிடிக்கப்பட்ட மைக்கேலேஞ்சலோ போன்றவை பிளாப்பியின் முதல் 512 பைட்டில், அதாவது பூட் செக்டாரில், தங்களை எழுதிக்கொள்கின்றன. அங்கே ஏற்கெனவே இருந்த அசல் செக்டாரை வேறோர் இடத்தில் ஒளித்து வைக்கின்றன. அந்த ஒளிவிடம் எது என்பதில்தான் வினை. ஸ்டோன்ட் அதை டிராக் 0இல், இரண்டாவது பக்கத்தின் மூன்றாவது செக்டாரில் வைக்கும். 360 கேபி டிஸ்க்கில் அது ரூட் டைரக்டரியின் கடைசிச் செக்டார். அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, யாருக்கும் நஷ்டமில்லை. அதே இடம் 1.44 எம்பி டிஸ்க்கில் டைரக்டரியின் இரண்டாவது செக்டார். அதாவது 17ஆவது கோப்பிலிருந்து 32ஆவது கோப்பு வரை பெயர்கள் அழிந்துபோகும். டிஎம்எஃப் டிஸ்க்கில் அதே இடம் டைரக்டரியைத் தாண்டி, தரவுப் பகுதிக்குள், கேப் கோப்பின் உடம்பிலேயே விழுகிறது. கோப்பின் நடுவே 512 பைட் குப்பை. அவ்வளவு போதும்.

இன்னொரு சேதமும் உண்டு. இந்த டிஸ்க்கில் டிராக்குக்கு எத்தனை செக்டார், டைரக்டரி எவ்வளவு பெரியது என்று சொல்லும் சிறு அட்டவணை ஒன்று பூட் செக்டாருக்குள் இருக்கிறது. அதைப் பத்திரப்படுத்தாமல் மேலே எழுதிவிடும் வைரஸ்கள் பல. வழக்கமான டிஸ்க் என்றால் டாஸ் இயங்குதளம் ஊகித்துக்கொண்டு சமாளிக்கும். டிஎம்எஃப் டிஸ்க்கில் அட்டவணை போனால் ஊகம் தப்பாகும், டிஸ்க்கே படிக்காது. முதல் டிஸ்க்கும் தப்பியிருக்காது, அதுவும் தொற்றியிருக்கும். வழக்கமான அமைப்பு என்பதால் தொற்றிய பிறகும் பெரும்பாலும் படிக்க முடிகிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வைரஸை எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. டிஎம்எஃப் என்ற ஒன்று வருமென்று அவர்களுக்குத் தெரியாது. கெட்ட எண்ணத்தை விட அரைகுறை வேலையால் நாசமான டிஸ்க்குகள்தான் அதிகம்.

டிஸ்க்கின் கோளாறா, வைரஸா?

என் முதல் சோதனை காதால் கேட்பது. காந்தப் பூச்சு உதிர்ந்த அல்லது பூசணம் பிடித்த டிஸ்க் சத்தம் போடும். டிரைவின் தலை ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் தேடி, கரகரவென்று பின்னால் போய் முன்னால் வந்து, பிறகுதான் பிழைச்செய்தி வரும். பூட் செக்டார் கெட்ட டிஸ்க் அப்படியில்லை. இரண்டு வினாடி சுழன்று, எந்தப் போராட்டமும் இல்லாமல் 'ஜெனரல் ஃபெயிலியர் ரீடிங் டிரைவ் ஏ' என்று சொல்லிவிடும். கையில் இருக்கும் டிஸ்க் நேற்று வேறொரு கணினியில் படித்தது, இன்று இங்கே ஒரு முறை படித்தது, இரண்டாம் முறை படிக்கவில்லை என்றால் எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்து நினைவகக் கணக்கு. 'மெம்' அல்லது 'செக்டிஸ்க்' கட்டளை கொடுத்தால் மொத்த அடிப்படை நினைவகம் 6,55,360 பைட் என்று காட்ட வேண்டும். பூட் வைரஸ்கள் நினைவகத்தின் உச்சியில் ஒளிந்துகொண்டு, அந்த அளவைக் குறைத்துச் சொல்ல வைக்கும். ஸ்டோன்ட் இருந்தால் 6,53,312. சரியாக 2,048 குறைவு. ஆனால் குறைந்தாலே வைரஸ் என்று குதிக்க வேண்டாம். சில கணினிகளில், கணினியைத் தொடக்கி வைக்கும் உள்நிரலான பயாஸே தன் தேவைக்கு 1,024 பைட் எடுத்துக்கொண்டு 6,54,336 என்று காட்டும். டிஸ்க்குகளை இணைக்கும் சில ஸ்கஸி அட்டைகளும் அப்படிச் செய்யும். சுத்தமான பிளாப்பியிலிருந்து தொடங்கியபோது வரும் எண்ணையும், ஹார்டு டிஸ்க்கிலிருந்து தொடங்கியபோது வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறானால்தான் விஷயம்.

விண்டோஸ் 3.1 ஏற்கெனவே இருக்கும் கணினி என்றால் அதுவே உளவு சொல்லும். 32 பிட் டிஸ்க் வசதியை ஏற்ற முடியவில்லை, இனந்தெரியாத டிஸ்க் மென்பொருள் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே முனகும். விண்டோஸ் 95 என்றால் சிஸ்டம் பண்புகளில் செயல்திறன் பக்கத்தைத் திறந்து பாருங்கள்; எம்எஸ்-டாஸ் இணக்க முறையில் ஓடுகிறது என்று இருந்தால் ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டாரைச் சந்தேகப்படலாம்.

ஒரு பொய்ச் சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். நிறுவும் நிரலைத் தொடங்கியதும் 'பேக்ட் ஃபைல் இஸ் கரப்ட்' என்று வந்தால் பதறாதீர்கள். பழைய சுருக்க முறையில் கட்டிய நிரல்கள் நினைவகத்தின் முதல் 64 கேபிக்குள் ஏறினால் அப்படித்தான் உளறும். டாஸ் 5 முதல் 'லோட்ஃபிக்ஸ்' என்ற கட்டளை உண்டு. அதை முன்னால் சேர்த்து நிரலை ஓட்டுங்கள். நல்ல டிஸ்க்கை வைரஸ் என்று சொல்லித் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தடுப்புத் தாழ்

மூன்றரை அங்குல டிஸ்க்கில் மூலையில் உள்ள சிறு தாழைத் தள்ளித் துளை தெரியும்படி வைத்தால் அதில் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குல டிஸ்க்கில் நேர்மாறு: பக்கவாட்டு வெட்டை மூடினால்தான் பாதுகாப்பு. இந்தத் தடையைப் பார்ப்பது டிரைவின் மின்சுற்று. எந்த வைரஸும் நிரல் வழியாக இதைத் தாண்ட முடியாது. நிறுவல் டிஸ்க்குகள் அனைத்தையும், பெட்டியிலிருந்து எடுத்த உடனே, ஒன்றுவிடாமல் தாழிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்று அடம்பிடிப்பவருக்கு நான் இந்தப் பத்தியைத்தான் கொடுப்பேன்.

ஆனால் டிரைவையும் நம்பிவிடக் கூடாது. பழைய டிரைவுகளில் துளையை உணரும் சிறு விசை அழுக்கேறி மாட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கும் உதவாத ஒரு டிஸ்க்கைத் தாழிட்டு, அதில் ஒரு கோப்பை எழுதிப் பாருங்கள். எழுத முடியாது என்று மறுக்க வேண்டும். மறுக்காமல் எழுதிவிட்டால் அந்த டிரைவில் அசல் டிஸ்க் எதையும் வைக்காதீர்கள். ஐந்தேகால் அங்குல டிரைவுகள் பலவற்றில் ஒளியால் உணரும் அமைப்பு இருக்கிறது. வெட்டின்மேல் கண்ணாடி போன்ற ஒட்டுநாடாவை ஒட்டினால் ஒளி ஊடுருவிப் போய்விடும். கறுப்பு நாடா ஒட்டுங்கள்.

சில மென்பொருள்கள் வாங்கியவரின் பெயரையோ, எத்தனை முறை நிறுவப்பட்டது என்ற கணக்கையோ அசல் டிஸ்க்கிலேயே எழுதப் பார்க்கும். தாழை எடு என்று கேட்கும். இது மென்பொருள் விற்றவர்கள் செய்த கெட்ட காரியம். கணினி சுத்தம் என்று உறுதியான பிறகு, அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் தாழைத் திறந்து, எழுதி முடித்ததும் மூடிவிடுங்கள்.

சுத்தமான தொடக்கம்

வைரஸ் தொற்றிய பிளாப்பியின் கோப்புப் பட்டியலைப் பார்ப்பதால் பூட் வைரஸ் கணினிக்குள் வராது. அந்த பிளாப்பியிலிருந்து கணினி தொடங்க முயன்றால்தான் வரும். முயன்றால் என்றுதான் சொன்னேன். தொடங்கி முடிக்க வேண்டும் என்பதில்லை. வெறும் தரவு பிளாப்பியை டிரைவில் மறந்துவிட்டு மின்சாரம் கொடுத்தால், சிஸ்டம் டிஸ்க் இல்லை, வேறு டிஸ்க் வைத்து ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று திரை சொல்லும். அந்தச் செய்தி திரையில் வரும்போது பூட் செக்டார் ஏற்கெனவே ஓடிவிட்டது. வைரஸ் ஹார்டு டிஸ்க்குக்குக் குடிபோய்விட்டது. உலகம் முழுவதும் பூட் வைரஸ் பரவிய வழி இதுதான்.

ஆகவே சுத்தமான பூட் பிளாப்பி ஒன்று வேண்டும். சந்தேகப்படும் கணினியில் அதைத் தயாரிப்பது வீண். இன்றைய கணினியில் யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வைத்து, டாஸ் பூட் டிஸ்க்கின் பிம்பக் கோப்பை, அதாவது டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்த நகலை, நேரடியாக எழுதிக்கொள்ளுங்கள். அதில் எஃப்டிஸ்க், சிஸ், மெம், செக்டிஸ்க் ஆகியவை இருக்கட்டும். எஃப்-பிராட் போன்ற டாஸ் வைரஸ் சோதனை நிரலை வேறொரு பிளாப்பியில் வையுங்கள். இரண்டையும் தாழிடுங்கள். யுஎஸ்பி டிரைவுகள் பெரும்பாலும் டிஎம்எஃப் டிஸ்க்கைப் படிக்காது. அதைக் கண்டு உங்கள் விண்டோஸ் டிஸ்க்குகள் செத்துவிட்டன என்று முடிவுகட்ட வேண்டாம்.

பழைய கணினியை முழுவதுமாக அணைத்து, சற்றுப் பொறுத்து, பூட் பிளாப்பியை வைத்து மின்சாரம் கொடுங்கள். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் போதாது. 1990இல் இந்தியாவில் அறியப்பட்ட ஜோஷி வைரஸ் அந்த மறுதொடக்கத்தைத் தாண்டி நினைவகத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆண்டுதோறும் ஜனவரி 5 அன்று தனக்குப் பிறந்தநாள் வாழ்த்து தட்டச்சு செய்யச் சொல்லும் வைரஸ் அது. பயாஸில் தொடக்க வரிசை முதலில் ஏ (பிளாப்பி), பிறகு சி (ஹார்டு டிஸ்க்) என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துடைப்பதற்கு முன்

இங்கேதான் அவசரக்காரர்கள் சொந்தத் தரவைத் தாங்களே கொல்கிறார்கள். 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' என்ற கட்டளை டாஸ் 5 முதல் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டாரில் உள்ள நிரலைப் புதிதாக எழுதிவிடும், ஹார்டு டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பிரிவினை அட்டவணையைத் தொடாது. ஸ்டோன்ட், மைக்கேலேஞ்சலோ போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் எல்லாவற்றுக்கும் அதே மருந்து என்று எவரோ எங்கோ சொன்னதை நம்பி அடித்துவிடாதீர்கள்.

முதலில், சுத்தமாகத் தொடங்கிய நிலையில் சி டிரைவின் பட்டியலைக் கேளுங்கள். அப்படி ஒரு டிரைவே இல்லை என்று பதில் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். மங்கி வைரஸ் அசல் முதல் செக்டாரைக் குழப்பி எழுதி வேறிடத்தில் வைத்திருக்கும். பிரிவினை அட்டவணை அதன் இடத்தில் இருக்காது. வைரஸ் ஓடும்போது மட்டும்தான் டிரைவ் தெரியும். எஃப்டிஸ்க் அடித்தால் வைரஸும் போகும், தரவை அடையும் வழியும் போகும். இதற்கென்றே எழுதிய கில்மங்க் என்ற நிரல் இருக்கிறது. வைரஸே இல்லாமலும் சி டிரைவ் காணாமல் போகலாம்: பெரிய ஹார்டு டிஸ்க்கைப் பழைய பயாஸில் ஓட்ட டிஸ்க் மேனேஜர், ஈஸி-டிரைவ் போன்றவற்றை முதல் செக்டாரில் நிறுவியிருப்பார்கள். அதையும் இந்தக் கட்டளை அழித்துவிடும்.

சி டிரைவ் தெரிந்தாலும் பெயரைக் கண்டுபிடிக்காமல் துடைக்காதீர்கள். ஒன்_ஹாஃப் என்ற வைரஸ் ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் ஹார்டு டிஸ்க்கின் பின்பகுதியிலிருந்து சிறிது சிறிதாகத் தரவைப் பூட்டிக்கொண்டே வரும். சாவி அதனிடமே இருக்கும். முதல் செக்டாரைத் துடைத்தால் சாவியும் தொலையும். ஃபார்ம் வைரஸ் குடியிருப்பது பிரிவின் பூட் செக்டாரில். அதற்கு எஃப்டிஸ்க் பயன்படாது, ஹார்டு டிஸ்க்கில் உள்ள அதே டாஸ் பதிப்பின் பிளாப்பியிலிருந்து, அந்த பூட் செக்டாரைப் புதிதாக எழுதும் 'சிஸ் சி:' கட்டளையை அடிக்க வேண்டும். ஒரே கணினியில் ஸ்டோன்டும் மைக்கேலேஞ்சலோவும் சேர்ந்து குடியேறினால் இன்னும் கேடு. இரண்டும் அசல் செக்டாரை ஒரே இடத்தில் வைப்பதால் பின்னால் வந்தது முன்னதன் சேமிப்பை மிதித்துவிடும். கணினி தொடங்கவே தொடங்காது.

எதைச் செய்வதானாலும் ஹார்டு டிஸ்க்கின் முதல் டிராக் முழுவதையும் நார்ட்டன் டிஸ்க் எடிட் போன்ற கருவியால் ஒரு பிளாப்பியில் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. தவறினால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.

பிளாப்பிகளின் முறை

ஹார்டு டிஸ்க் சுத்தமானதும் நிம்மதியாகிவிடாதீர்கள். வைரஸ் திரும்பி வருவது இழுப்பறையில் கிடக்கும் பிளாப்பிகளிலிருந்துதான். காலி என்று எழுதி வைத்த டிஸ்க்குகளும் அதில் அடக்கம்; கோப்பு இல்லாத டிஸ்க்கிலும் பூட் செக்டார் உண்டு. எல்லாவற்றையும் சோதியுங்கள். தொற்றிய தரவு டிஸ்க்கிலிருந்து கோப்புகளை வெளியே நகலெடுத்து, '/யு' சேர்த்து, பழையதை முழுவதும் அழிக்கும்படி ஃபார்மட் செய்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

தொற்றிய நிறுவல் டிஸ்க்குகளை மட்டும் ஃபார்மட் செய்யாமல் தனியே வையுங்கள். வழக்கமான 1.44 எம்பி டிஸ்க்கில் பதினாறு கோப்புகளுக்கு மேல் இல்லையென்றால் ஸ்டோன்ட் அழித்தது காலி இடத்தைத்தான். கோப்புகள் முழுசாக இருக்கும், நகலெடுத்துப் புது டிஸ்க்கில் வைக்கலாம். டிஎம்எஃப் டிஸ்க் என்றால் பிழைப்பது கடினம். பூட் செக்டாரை மீட்டாலும் கேப் கோப்பின் நடுவில் போன 512 பைட் போனதுதான். அதே பதிப்பின் அதே எண் டிஸ்க்கை வேறு தொகுப்பிலிருந்து தேடுவதைத் தவிர வழியில்லை.

கோப்புகளில் தொற்றும் வைரஸ்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நிறுவலைக் கெடுப்பதில் அவை இரண்டாம் இடம்தான். தாழிட்ட டிஸ்க்கில் அவை எழுத முடியாது. ஆனால் நிறுவும் நிரல் தன்னை ஹார்டு டிஸ்க்கின் தற்காலிக இடத்துக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓடும்போது, ஜெருசலேம் போன்ற வைரஸ்கள் அந்த நகலைப் பிடிக்கும். தன் அளவைத் தானே சரிபார்க்கும் நிரல் உடனே கெட்டுவிட்டேன் என்று நின்றுவிடும். டிஸ்க்கைக் குறை சொல்லாமல் ஹார்டு டிஸ்க்கில் உள்ள நிரல் கோப்புகளைச் சோதியுங்கள்.

நிறுவும்போது

இனி நிறுவலாம். அதற்கு முன் இரண்டு காவல்களை விலக்க வேண்டும். பயாஸில் வைரஸ் எச்சரிக்கை என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் 95 நிறுவி பூட் செக்டாரில் நியாயமாக எழுதும்போதும் அது குறுக்கே நிற்கும். வரைகலைத் திரையில் அந்த எச்சரிக்கை சரியாகத் தெரியாமல் கணினி உறைந்ததுபோல் கிடக்கும். அதை அணையுங்கள். டாஸ் 6உடன் வந்த விசேஃப் போல நினைவகத்தில் தங்கிக் காவல் காக்கும் நிரல்களையும் தொடக்கக் கோப்புகளிலிருந்து நீக்குங்கள். நிறுவல் பாதியில் நின்றதற்கு வைரஸைவிட வைரஸ் எதிர்ப்பு நிரல் காரணமாக இருந்த கதைகள் குறைவல்ல.

ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தால் நான் பிளாப்பியிலிருந்து நேரடியாக நிறுவுவதில்லை. கேப் கோப்புகள் அனைத்தையும் ஒரு கோப்பகத்துக்கு நகலெடுத்து அங்கிருந்து நிறுவியை ஓட்டுவேன். டிஎம்எஃப் டிஸ்க்கிலிருந்து கோப்பை அப்படியே நகலெடுக்க எக்ஸ்ட்ராக்ட் நிரலை '/சி' சேர்த்துப் பயன்படுத்தலாம். படிக்காத டிஸ்க் எது என்பது நிறுவலின் நடுவில் தெரியாமல் முன்கூட்டியே தெரிந்துவிடும். டிஸ்க்குகளும் ஒரு முறை சுழன்றதோடு பெட்டிக்குப் போய்விடும்.

பிளாப்பி டிரைவுக்குப் பதில், யுஎஸ்பி நினைவகத்தில் உள்ள பிம்பக் கோப்பை டிஸ்க்காகக் காட்டும் கோடெக் வகை பொறி வைத்திருப்பவர்கள் பிம்பக் கோப்பும் டிஸ்க்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். எழுத அனுமதித்தால் வைரஸ் அதிலும் எழுதும். பிம்பத்தைப் படிக்க மட்டும் என்று குறித்து வையுங்கள். மூலப் பிரதி வேறு கணினியில் இருக்கட்டும்.

நிறுவல் முடிந்து இரண்டு முறை ஒழுங்காகத் தொடங்கிய பிறகு பயாஸுக்குத் திரும்பிப் போங்கள். வைரஸ் எச்சரிக்கையை மீண்டும் இயக்கி, தொடக்க வரிசையை முதலில் சி, பிறகு ஏ என்று மாற்றிவிடுங்கள். டிரைவில் எந்த டிஸ்க்கை மறந்து வைத்தாலும் கணினி அதன் பூட் செக்டாரை ஓட்டாது. பயாஸ் மின்கலம் தீர்ந்த கணினிகளில் இந்த மாற்றமும் அழிந்துபோகும். ஆகவே மின்கலத்தையும் மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள். மைக்கேலேஞ்சலோ இருந்ததா என்று இன்னும் உறுதியாகத் தெரியாத கணினி என்றால் சோதனைக்காகக்கூட மார்ச் 6 என்ற தேதியை வைக்காதீர்கள்; அன்றைக்குத் தொடங்கினால் அது ஹார்டு டிஸ்க்கின் முன்பகுதியை அழித்துவிடும்.